சறுக்கு மேட்டு வேலியை எடுத்துவிடுங்கள்: எங்கள் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும், நகரசபை உறுப்பினர்களுக்கும், பூங்காப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

எங்கள் தொடர்மாடிகளுக்குப் பின்னால் இருக்கும் பூங்கா மேட்டில், இந்த முறை பனி விழ முன்னரே ஒரு பலகையை நட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இங்கே சறுக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. அது போதாதென்று மேட்டின் உச்சியில் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வேலியும் இழுத்துக் கட்டியாயிற்று. முதல் பெரிய பனி கொட்டிய சனிக்கிழமை காலை உங்கள் அலுவலர் ஒருவர் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் மகன் பனியில் சறுக்கும் ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு நனைந்த கையுறையோடு வாசலில் வந்து நின்று, "அம்மா, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் இருக்கவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதன் ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் பொதுவில் வைப்பது எதற்கென்றால், இந்தத் தொடர்மாடிகளில் இருக்கும் எங்கள் ஆட்கள், முக்கியமாக உங்கள் கடிதங்களைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வாசிப்பிக்கிற அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும், தங்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று தங்கள் மொழியில் அறிய வேண்டும். முடிவு எடுக்க முன்னர் நீங்கள் அவர்களிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. கட்டட லொபியில் ஒரு அறிவித்தல்கூட ஒட்டவில்லை.

நான் தொலைபேசியில் கேட்டேன். மேட்டின் அடியில் மின்கம்பம் இருக்கிறது, இருக்கை இருக்கிறது, ஒரு பக்கம் மரங்கள் நிற்கின்றன, யாராவது போய் மோதினால் நகரசபைதான் பொறுப்பு என்றார்கள். சரி, அப்படியென்றால் பிள்ளைகள் எங்கே சறுக்கலாம் என்று கேட்டேன். அனுமதிக்கப்பட்ட ஒரு மேட்டின் பெயரைச் சொன்னார்கள். கார் இருந்தால் அது பக்கம்தான். பஸ்ஸில் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டாவது பஸ்ஸுக்குக் குளிருக்குள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அந்தத் தரிப்பிடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் நாலு வயதுப் பிள்ளை, மற்றக் கையில் ஸ்லெட், முதுகில் மாற்று உடுப்புப் பை. இந்தக் கட்டடங்களில் கார் வைத்திருக்கிற குடும்பங்களிலும் பாதிப் பேரின் கார் சனி ஞாயிறு வேலைக்குப் போய்விடும். ஆக, நீங்கள் காட்டிய அந்த மேடு எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாத மாதிரித்தான்.

உங்கள் கோப்பில் அந்த இடம் ஒரு சரிவாகவும் அதைச் சுற்றிய தடைகளாகவும் மட்டும் பதிந்திருக்கும். அங்கே வளர்ந்த ஒருத்தி எழுதுகிறேன், இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் ஊரை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வு முடிந்த அடுத்த வருடம், 1996இல், அம்மாவும் அண்ணாவும் நானும் இங்கே கனடாவுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா முன்னரே வந்து, ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். எட்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. வந்தது இலையுதிர் காலம் என்றபடியால் முதல் சில வாரம் ஊர் மார்கழிக் குளிர் மாதிரித்தான் இருந்தது, அதற்குப் பிறகு ஒரு காலை எழும்பி ஜன்னலால் பார்த்தால் கீழே இருந்த புல்வெளி, வாகனத் தரிப்பிடம், குப்பைத் தொட்டி எல்லாம் ஒரே வெள்ளை. அண்ணாவும் நானும் கீழே போக வேண்டும் என்று அழுதோம். அம்மா பயந்தார். வெளியே போனால் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் கதைப்பது, அப்பா வேறு நித்திரை. எங்களை உள்ளே வைத்துப் பூட்டித்தான் வைத்திருந்தார்.

அந்தக் கட்டடத்தில் குளிர்காலம் என்றால் அப்படித்தான். பல்கனியில் நிற்க முடியாது. உள்ளே ஓடினால் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். தாழ்வாரத்தில் விளையாடினால் கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்டென்டன்ட் ஏசுவார். இந்த நாட்டில் ஐந்து மாதம் குளிர், அந்த ஐந்து மாதமும் எட்டாம் மாடியில் இரண்டு பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்றால் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்களை வெளியே கொண்டுபோனது அப்பாதான். இரவு வேலை முடிந்து காலையில் வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமலே, "வாங்கோ பிள்ளைகள், ஒருக்கால் போட்டு வருவம்" என்றார். எங்களிடம் ஸ்லெட் இல்லை, அப்படி ஒரு சாமான் இருப்பதும் எங்களுக்குத் தெரியாது. மேட்டில் மற்றப் பிள்ளைகள் பெரிய நீலப் பிளாஸ்டிக் தட்டுகளில் இருந்து வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அப்பா திரும்ப வீட்டுக்கு வந்து, அடுப்படியில் மடித்து வைத்திருந்த வெறும் அரிசிச் சாக்கை எடுத்தார். பிளாஸ்டிக் நாரால் நெய்த சாக்கு, முன்பக்கத்தில் பச்சையில் நெற்கதிர் அச்சடித்திருக்கும். அதற்குள் பழைய போர்வை ஒன்றைத் திணித்து, வாயைத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கட்டி மிஞ்சின கயிறுதான் நாங்கள் பிடிக்க. ஊரில் மாட்டுக்குக் கயிறு போட்ட கை அது, முடிச்சு அவிழவே இல்லை.

அந்தச் சாக்கு போன வேகம்! கடையில் வாங்கின ஸ்லெட் எல்லாம் பின்னுக்கு நின்றது. சாக்கின் அடி வழுவழுப்பு, உள்ளே போர்வை இருந்தபடியால் குலுக்கமும் அவ்வளவு தெரியாது. அண்ணா முன்னுக்கு, நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு. கண்ணுக்குள், மூக்குக்குள் எல்லாம் பனித்தூள். கீழே போய் நின்றபோது எனக்கு வாய் திறக்க முடியவில்லை, பல்லுக் கட்டிக்கொண்டது. உடனே திரும்ப ஏற வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஷெல்லடிக்குப் பங்கருக்குள் ஓடிய நாங்கள், அதற்குப் பிறகு முதல் முதலாகக் கத்திச் சிரித்தது அந்த மேட்டில் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லுவார். அவரும் ஒரு நாள் வந்தார். சல்வாருக்கு மேலே அப்பாவின் பெரிய ஜாக்கெட், தலையைச் சுற்றி மஃப்ளர், காலில் இரண்டு சோடி காலுறை. பக்கத்து வீட்டு கயானாக்கார மாமியும், மூன்றாம் மாடி சோமாலி அம்மா ஒருவரும் சேர்ந்து அவரைப் பிடித்துச் சாக்கில் இருத்தித் தள்ளிவிட்டார்கள். அந்த மூன்று பெண்களுக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஒருவர் வீட்டுப் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்கிற அளவுக்குச் சிநேகிதம் வந்துவிட்டது.

அண்டை அயலார் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்று நீங்கள் வருடா வருடம் விழா வைக்கிறீர்கள், பணம் ஒதுக்குகிறீர்கள். நல்ல விஷயம். இந்த மேட்டில் அது நகரசபைக்கு ஒரு சதம் செலவில்லாமல் நடந்தது, இந்த நவம்பர் வரைக்கும் நடந்துகொண்டிருந்தது. இப்போது அங்கே சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் என் மகன் ஒரு சிரியப் பொடியனுக்கு ஸ்லெட்டைக் காலால் திருப்புவது எப்படி என்று காட்டிக்கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலால் திருப்புகிற அந்த வித்தையை எனக்குச் சொல்லித்தந்தவர், கனடாவின் கிழக்கு ஓரத்து நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர் ஒருவர். ஓய்வு பெற்றவர், எங்கள் கட்டடத்தில் தனியே இருந்தார், முன்பக்கம் வளைந்த பழைய மரச் சறுக்குப் பலகை ஒன்று வைத்திருந்தார். இந்த நாட்டின் பூர்வகுடி மக்கள் பனியில் சாமான் இழுக்கச் செய்த அதே வடிவம். அதன் அடிப்பக்கத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார். எங்கள் சாக்குக்கும் மெழுகு தேய்க்கச் சொன்னார், கரண்ட் போனால் கொளுத்த வைத்திருந்த மெழுகுதிரி அம்மாவுக்குத் தெரியாமல் அப்படித்தான் முடிந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: தலை முன்னுக்கு வைத்துப் படுத்துக்கொண்டு போகாதே, இருந்துகொண்டு கால் முன்னுக்கு. கீழே போனவுடன் எழும்பி ஒதுங்கு. ஏறுவது ஓரத்தால், நடுவால் இல்லை. மழை பெய்து மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் அன்றைக்குச் சறுக்கல் இல்லை. மரங்கள் நிற்கிற கிழக்குப் பக்கம் போகவே கூடாது, மேற்குப் பக்கம் மட்டும்தான்.

மருத்துவர்களும் பாதுகாப்பு அமைப்புகளும் இன்றைக்குச் சொல்லுகிற அறிவுரையும் கிட்டத்தட்ட இதே, கூடவே தலைக்கவசம். இந்த விதிகளை அந்த மேட்டில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு பலகையும் இல்லாமலே. என் மகனுக்கும் அது அப்படித்தான் வந்தது.

சறுக்கினால் காயம் வராது என்று நான் சொல்ல வரவில்லை. 2021 டிசம்பரில் ஒட்டாவாவில் மூனிஸ் பே மேட்டில் ஒரு சிறுமி உயிரிழந்தாள், அந்தப் பெற்றோரை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அமெரிக்காவில் 1997 முதல் 2007 வரை அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு, சறுக்கலில் காயப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை வருடத்துக்கு இருபதாயிரம் அளவில் மதிப்பிட்டது. நானும் ஒரு தாய், இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் மகனுக்குத் தலைக்கவசம் போட்டு அனுப்புகிறேன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லுகிறது: காயங்களில் ஏறத்தாழப் பாதி எதிலாவது போய் மோதியதால் வந்தது. அதாவது மரம், கம்பம், இருக்கை, இன்னொரு ஸ்லெட். சரிவு தன்பாட்டில் கிடக்கிறது, அதன் அடியில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

இங்கேதான் உங்களிடம் நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மின்கம்பமும் இருக்கையும் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே இல்லை. மேட்டின் அடியில் நடைபாதை போட்டபோது அவற்றைக் கொண்டுவந்து நட்டது நகரசபை. தலைமுறைகளாகப் பிள்ளைகள் சறுக்கி வந்து நிற்கிற வெளி அது என்று அந்த வேலையைத் திட்டமிட்டவர் ஒரு பனிக்காலத்தில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருபது அடி தள்ளிப் போட்டிருக்கலாம். நீங்களே ஒரு தடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு அந்தத் தடையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைத் துரத்துவதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

இதற்கு எதிர்மாறாக அதே மேட்டில் ஒரு காலத்தில் நடந்ததையும் சொல்லுகிறேன். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது மேற்குப் பக்க அடிவாரத்தில் ஒரு பழைய மரக்கட்டை நின்றது, முன்பு ஏதோ வேலிக்கு நட்டது. எங்கள் கட்டடத்துப் பொடியன் ஒருவன் அதில் போய் மோதிக் கை முறிந்தான். அவனுடைய அப்பா பூங்காவில் வேலை செய்கிற ஒருவரைக் கண்டு சொன்னார், கோபமாகக்கூட இல்லை, கட்டை நிற்கிற இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அடுத்த பனி விழ முன்னர் கட்டை இல்லை. யாரும் மேட்டை மூடவில்லை. கைக்கட்டு அவிழ்த்தவுடன் அந்தப் பொடியன் திரும்ப வந்து அதே இடத்தால் சறுக்கினான். இந்த நகரசபை அப்படியும் வேலை செய்திருக்கிறது.

வழக்குப் பயம் இருக்கிறது என்பது எனக்கு விளங்குகிறது. ஹமில்ரனில் 2004இல் ஒரு நீர்த்தேக்க மேட்டில் சறுக்கிக் காயப்பட்ட ஒருவருக்கு 2013இல் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் டொலர் கிடைத்தது, அந்த வழக்கைப் பல நகரசபைகள் காட்டுகின்றன. அந்த வழக்கில் அவர் போய் விழுந்தது பனி மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த வடிகால் பள்ளத்தில். மறைந்திருக்கிற பள்ளத்தை மூடு, அல்லது ஆட்களுக்குக் காட்டு என்று அதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். நீங்கள் எடுத்த பாடம், மேட்டையே மூடு. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் காணிப் பொறுப்புச் சட்டம், ஆபத்தைத் தெரிந்து தானாக ஏற்றுக்கொண்டு வருகிறவர்கள் விஷயத்தில் காணிக்காரரின் பொறுப்பைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறது. பனியிலோ ஐஸிலோ விழுந்து காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 2021 ஜனவரியிலிருந்து அந்தச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்தும் இருக்கிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை. உங்களிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் "மூடாமல் எப்படிச் செய்யலாம்?" என்று கேட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

பக்கத்தில் ரொறன்ரோ 2024 ஜனவரியில் 45 மேடுகளில் இதே மாதிரித் தடைப் பலகை வைத்தது, நகரம் முழுக்க எழுந்த கோபம் உங்களுக்கும் தெரியும். அவர்களைப் பார்த்துத்தான் நீங்களும் செய்தீர்கள் என்றால், அந்த மக்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் பார்த்திருக்க வேண்டும். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்து மேட்டிலேயே சறுக்கத் தடை இருந்தது. 2015இல் பெற்றோர் பிள்ளைகளையும் ஸ்லெட்டுகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்கள், அந்த வருடம் முடிவதற்குள் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம் என்று காவலர்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கியூபெக் நகரில் 1884இல் தொடங்கிய சறுக்குத் தடம் இன்றைக்கும் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைச் சறுக்கவிடுகிறது. இந்த நாட்டில் பனியில் சறுக்குவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

இன்னொன்று, பனியே இப்போது குறைந்துகொண்டு வருகிறது. 1999 ஜனவரியில், ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட அந்த வருடம், இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது. பள்ளிக்கூடம் பூட்டு. எங்கள் மேட்டின் அடியில் பெரியவர்கள் மண்வெட்டியால் பனியைக் குவித்து ஒரு அணை கட்டினார்கள், வேகமாக வருகிற பிள்ளைகள் அதில் புதைந்து நிற்பார்கள், எதிலும் போய் முட்ட வழியே இல்லை. அம்மா பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஊற்றிக்கொடுத்தார். அப்படி ஒரு குளிர்காலம் என் மகனுக்குக் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது. விழுகிற பனி இரண்டு மூன்று நாளில் மழையாகிக் கரைந்துபோகிறது. ஒரு பிள்ளைக்குச் சறுக்கக் கிடைப்பது ஒரு சில நாள்தான், அந்தச் சில நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுகிறீர்கள்.

காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஹொக்கி விளையாட விடுவதென்றால் ஒரு பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான டொலர். பனிச்சறுக்கு மையத்துக்கு ஒரு குடும்பம் ஒரு நாள் போய் வந்தால் ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமான் காசு. பின்வளவு உள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வளவிலாவது உருளலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்காமல், பதிவு செய்யாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல் குளிர்காலத்தில் போகக்கூடிய ஒரே இடம் அந்த மேடு. நீங்கள் மூடிய மேடுகளின் பட்டியலையும் இந்த நகரத்துத் தொடர்மாடிகளின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் கட்டடங்களுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு மேடுகூட மிஞ்சவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் நகரசபை மண்டபத்தில் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சி வைக்கிறீர்கள். ஜனவரியைத் தமிழ் மரபு மாதம் என்று ஒன்ராறியோ 2014இல் அறிவித்தது, 2016இல் கனடா நாடாளுமன்றம். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பொங்கல் சாப்பிடுகிறோம், உங்கள் பேச்சைக் கேட்டுக் கை தட்டுகிறோம், மனதாரத்தான் தட்டுகிறோம். எங்கள் மரபில் ஒரு பகுதி பரதமும் பொங்கலும் என்றால், இன்னொரு பகுதி அரிசிச் சாக்கில் போர்வையைத் திணித்துக்கொண்டு இந்த நாட்டுப் பனிக்குள் இறங்கியது. அதையும் ஜனவரியில்தான் செய்தோம். அந்த இடத்தை எங்களுக்கு விட்டுவைக்க வேண்டும்.

இனி, நான் கேட்பவை.

முதலாவது, வேலி. அடுத்த பெரிய பனிக்கு முன்னர் மேற்குப் பக்கச் சரிவில் கட்டியிருக்கிற செம்மஞ்சள் வேலியையும் தடைப் பலகையையும் எடுத்துவிடுங்கள். கிழக்குப் பக்கம் மரங்கள் நிற்பது உண்மை, அங்கே வேலி இருக்கட்டும், அதை எதிர்த்து ஒருவரும் கதைக்க மாட்டோம். மேற்கில் அடிவாரத்து மின்கம்பத்துக்கும் இருக்கைக்கும் முன்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்குங்கள், பல ஊர்களில் செய்கிற காரியம்தான், அதற்குப் பெரிய செலவில்லை. பனி கரைந்து வசந்தம் வந்த பிறகு கம்பத்தையும் இருக்கையையும் சறுக்கி வந்து நிற்கிற வெளியை விட்டுத் தள்ளி நடுங்கள். அதற்கான பணத்தை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே சேருங்கள், ஆய்வுக் குழு போட்டு இழுக்க வேண்டாம்.

தடைப் பலகை இருந்த இடத்தில் அறிவுரைப் பலகை வையுங்கள். தலைக்கவசம் போடு, கால் முன்னுக்கு, ஓரத்தால் ஏறு, ஐஸ் இறுகியிருந்தால் சறுக்காதே, பொறுப்பு உன்னுடையது. ஆங்கிலம், பிரெஞ்சோடு இந்தக் கட்டடங்களில் கதைக்கிற மொழிகளிலும் எழுதுங்கள். தமிழ், சோமாலி, அரபு, ஆப்கானிஸ்தானின் டாரி மொழிபெயர்ப்பை நாங்களே செய்து தருகிறோம், இங்கே எல்லாவற்றுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மழை பெய்து உறைந்த நாட்களில் மட்டும் மேட்டை மூடுவதென்றால் மூடுங்கள், அதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த மேட்டை எந்த நாளில், எந்தப் பருவத்தில், என்ன அளவுகோலால் மதிப்பிட்டீர்கள் என்ற அறிக்கையை வெளியிடுங்கள். நகரம் முழுக்க மூடிய மேடுகள் ஒவ்வொன்றுக்கும் அதே மாதிரி. எந்த மேட்டில் ஒரு தடையை அகற்றினால் திரும்பத் திறக்கலாம் என்பதையும் அதில் எழுதுங்கள்.

எங்கள் கட்டடத்துக்கு வந்து ஒரு கூட்டம் வையுங்கள். வேலைநாள் பகல் இரண்டு மணிக்கு நகரசபை மண்டபத்தில் வைக்காதீர்கள், எங்களால் வர முடியாது. இரவு வேலைக்காரரும் பகல் வேலைக்காரரும் வரக்கூடிய நேரம் ஞாயிறு பின்னேரம். லொபிக்குப் பக்கத்தில் பொது அறை இருக்கிறது, கதிரைகளை நாங்கள் போடுகிறோம், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீங்கள் கூட்டிவாருங்கள். கூட்டத்தைப் பனி கிடக்கிற ஒரு நாளில் வைத்தால் இன்னும் நல்லது, மேட்டைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம்.

கடைசியாக, அன்றைக்குத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கோ அவர்களுடைய பெற்றோருக்கோ ஏதாவது அபராதச் சீட்டு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். அவர்கள் வளர்ந்த இடத்தில், அவர்களுக்கு மூத்தவர்கள் விளையாடிய இடத்தில் விளையாடினார்கள்.

ஜனவரி முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலைத் தமிழாக்கி இரண்டு கட்டடங்களின் லொபியிலும் ஒட்டுவேன். பதில் வராவிட்டால் பெப்ரவரி நகரசபைக் கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுப்பேன், என்னோடு கட்டடத்தவர்களும் பிள்ளைகளும் வருவார்கள்.

இப்படிக்கு,
எட்டாம் மாடியில் வளர்ந்து, இப்போது ஐந்தாம் மாடியில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்